ஏழு நாற்காலிகள்

கடன்பட்ட வீட்டின் கணக்கை வெளியார் எழுதத் தொடங்கினால், அங்கே யாருடைய சொல் செல்லும்? புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அண்மை வரலாறு எழுப்பும் வினா இது.

7,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனில் தீவு மூழ்கியிருந்த வேளையில், 2016 ஜூன் 30 அன்று ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் நிதி மேற்பார்வை வாரியம் ஒன்றை நிறுவியது. உறுப்பினர் எழுவர், நியமிப்பவர் அமெரிக்க அதிபர். தீவின் ஆளுநருக்கு அவையில் இடமுண்டு, வாக்கில்லை. தீவில் வாழ்வோர்க்கோ அதிபர் தேர்தலிலேயே வாக்கில்லை.

எழுவருக்கும் ஊதியம் கிடையாது. ஆனால் 2017இல் செயல் இயக்குநராக வந்த உக்ரைனின் முன்னாள் நிதியமைச்சர் நட்டாலி யாரெஸ்கோவுக்கு ஆண்டு ஊதியம் 6,25,000 டாலர். செலவைச் சுமந்தது தீவின் கருவூலம். நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்ட காலம் அது. மக்கள் வாரியத்தை ‘லா ஹுந்தா’ என்றனர். ஸ்பானிய மொழியில் அச்சொல் குழுவையும் குறிக்கும், இராணுவ ஆட்சிக் குழுவையும் குறிக்கும்.

2022இல் அரசின் கடன் பெருமளவு குறைக்கப்பட்டது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது.

செனட் ஒப்புதலின்றி நிகழ்ந்த நியமனங்கள் செல்லும் என 2020இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உறுப்பினரின் பணி முதன்மையாகத் தீவுக்குரியது என்பதே காரணம். பணி தீவுக்குரியது, தேர்வு தீவுக்குரியதன்று. 2025 ஆகஸ்டில் உறுப்பினர் பலரை நீக்கியதும் வாஷிங்டனே. அமர்த்தியபோதும் அகற்றியபோதும் தீவு மக்களை எவரும் கேட்கவில்லை.