மேற்குச் சாலையில் பாய் விரித்தவர்கள்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் பரந்துள்ள நிலம் ஏரிகளின் நிலம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என நீர்நிலைகள் நெருங்கிக் கிடக்கும் இப்பகுதியில், வெட்டவெளியில் தலைசாய்ப்பவரைக் குளிரைவிட மண்ணிலிருந்து ஏறும் ஈரமே வருத்தும். ஆதலால் வெளியூர்ப் பயணத்துக்குப் பாய் தேர்ந்தோர், அது ஓதத்தைத் தடுக்குமா, தோளில் சுமக்கத் தக்கதா என்பவற்றையே முதலில் பார்த்தனர்.

இப்பகுதி வழியாக நெடுங்காலமாக நடந்து செல்வோர் திருமலை யாத்திரிகர்கள். புரட்டாசிப் பிரம்மோற்சவத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து புறப்படும் திருக்குடை ஊர்வலம் வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகவே இன்றும் செல்கிறது. ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவைப் பல நாள்களில் கடக்கும் பாதயாத்திரையில் இரவுகள் கோயில் மண்டபத்திலோ சத்திரத் திண்ணையிலோ தோப்பு நிழலிலோ கழியும். புரட்டாசி மாலைகளில் இடியுடன் மழை பெய்வதும் இப்பகுதிக்கு இயல்பு. அத்தகைய இரவுகளுக்குத் தமிழ்நாட்டு வழிப்போக்கரின் படுக்கையாக விளங்கியது கோரைப் பாய்.

கோரை என்பது நீர்க்கரையில் வளரும் முக்கோணத் தண்டுடைய ஒருவகைப் புல். அதை அறுத்து, நீளவாக்கில் கீறி, வெயிலில் உலர்த்தி, பின் நனைத்துப் பதப்படுத்தி, தரையோடு தாழ்வாகக் கட்டிய தறியில் நூலையோ நாரையோ பாவாக, அதாவது நீளவாட்டு இழையாக இழுத்து, ஒவ்வொரு கோரையாகக் குறுக்கே செருகி அடித்து நெய்வர். சென்னைக்குத் தென்மேற்கே உள்ள வந்தவாசி இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பட்டுப்பாய், மணமக்களின் பெயர் பொறித்துக் கல்யாணச் சீராக வைக்கும் அளவுக்கு நுட்பமானது எனினும், வழிக்கு உகந்தது தடித்த சாதாரணப் பாயே. மடித்தால் கோரை முறியும் என்பதால் பாயைச் சுருட்டவே வேண்டும். அச்சுருளுக்குள் மாற்று வேட்டியும் போர்வையும் வைத்து இருபுறமும் கயிறு கட்டினால், இரவின் படுக்கையே பகலின் மூட்டையாகிவிடும். எளியவரின் பொருள் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் இத்தனை சிந்தனை அடங்கியிருப்பது வியப்புக்குரியது.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஆவடி வழியாகவே சென்றது. நடைக்குப் பதில் இரயிலின் மரப்பலகை வந்ததும் ஈரம் பற்றிய கவலை நீங்கி, பலகையின் கடினம் கவலையாயிற்று. மெத்தை, தலையணை, சமுக்காளம் அனைத்தையும் சுருட்டி வாரால் இறுக்கும் ‘ஹோல்டால்’ என்னும் கித்தான் உறை வசதியுள்ள குடும்பங்களின் பயண அடையாளமாயிற்று. மது தண்டவதே இரயில்வே அமைச்சராயிருந்தபோது, 1977-க்குப் பின் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல நுரை மெத்தை பொருத்தப்படலாயிற்று. ஹோல்டால் மெல்ல மெல்லப் பரண் ஏறியது.

படைவீரர் கண்ட தீர்வு வேறு. ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லியும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடியும் படைத்தளங்களாக விளங்கின. அக்காலப் படைவீரர்க்கு வழங்கப்பட்ட ‘கிரவுண்ட் ஷீட்’ என்பது ரப்பர் பூசிய பருத்தித் துணி. மழையில் மேலங்கியாகப் போர்த்தவும் இரவில் மண்ணின் ஈரத்தைத் தடுக்கவும் பயன்பட்ட அதன்மேல் சமுக்காளத்தை விரித்துப் படுப்பது வழக்கம். ஈரத்தைத் தடுப்பதை ஒரு விரிப்பிடமும் உடலுக்கு இதம் தருவதை மற்றொன்றிடமும் ஒப்படைத்த இம்முறையே இந்நிலத்துக்கு மிகப் பொருத்தமானது எனலாம்.

இன்று அம்பத்தூர், ஆவடி இளைஞர்கள் ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்குக் கூடாரத்தோடு செல்கையில் எடுத்துச் செல்வது நுரைப் பாய். ஒன்றோடொன்று கலவாத மூடிய காற்றுக் குமிழ்களால் ஆனதால் அது நீரை உறிஞ்சாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான, தானே காற்றை உள்ளிழுத்து உப்பும் பாயும் இப்போது கிடைக்கிறது. இவற்றின் மீது அச்சிடப்படும் ‘ஆர்’ மதிப்பு, உடலின் சூடு தரைக்குள் இறங்குவதைப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. இமயத்தின் பனித்தரையில் உயிர்காக்கும் அந்த எண்ணை மட்டும் நம்பி நாகலாபுரத்துக்கு வாங்குவோர், வியர்வை வெளியேற வழியின்றி நள்ளிரவில் விழித்துக்கொள்வர். நுரைப் பாயின்மேல் ஒரு பருத்தி விரிப்பைப் பரப்பினால் அக்குறை பெரும்பாலும் தீரும்.

கோரைக்கும் ஒரு குறை உண்டு. ஈரத்தோடு சுருட்டிய பாய் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். ஆதலால் கோரைப் பாயோடு நடப்பவர், பொழுது விடிந்ததும் அதை உதறி, மரக்கிளையிலோ மதிலிலோ போட்டு, இருபுறமும் வெயில் காட்டிய பின்னரே கயிறு கட்டுவர்.