மறைப்புத் தட்டின் சட்ட வரலாறு: சிறுவர் பாதுகாப்பும் அமெரிக்க உள்ளாட்சி விதிகளும்

முன்னுரை

பாலியல் இதழ்கள் சிறுவர் கண்ணில் படக்கூடாது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். அவற்றை எப்படி மறைப்பது, அந்தச் சுமையை யார் தாங்குவது என்பவற்றில்தான் அமெரிக்க நகரங்களும் புத்தகக் கடைக்காரர்களும் நீதிமன்றங்களில் மோதினர். விற்பனைத் தடையிலிருந்து காட்சிக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் நகர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

விற்பனைத் தடை

இளையோரைக் கெடுக்கும் எனக் கருதப்பட்ட நூல்களை எவருக்குமே விற்கக்கூடாது என்றது மிச்சிகன் மாநிலச் சட்டம். 1957இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என அறிவித்தது. பெரியவர்களின் வாசிப்பைச் சிறுவருக்கு உகந்த அளவுக்குச் சுருக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

சிறுவரை மட்டும் தடுக்கும் வழியை 1968ஆம் ஆண்டின் ‘கின்ஸ்பர்க் எதிர் நியூயார்க்’ தீர்ப்பு திறந்தது. லாங் ஐலண்டில் ஒரு சிற்றுண்டிக் கடையில் 16 வயதுப் பையனுக்கு நிர்வாணப் பட இதழ்கள் விற்கப்பட்ட வழக்கு அது. பெரியவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய இதழையும் 17 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கலாம் என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். ஆனால் காசு கொடுக்காமல் தட்டருகே நின்று புரட்டும் பையனை விற்பனைத் தடை தொடவில்லை.

தட்டும் உறையும்

இந்த இடைவெளியை உள்ளாட்சிகள் நிரப்பின. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம், இதழின் கீழ்ப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை மறைக்கும் தட்டில் வைத்தால் போதும் என்றது. இதழின் பெயர் மேலே தெரியும், படம் தெரியாது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. மினியாபொலிஸ் இன்னும் கடுமையாக, முத்திரையிட்ட உறை கேட்டது. அட்டையே தீங்கானதென்றால் ஊடுருவித் தெரியாத உறை வேண்டும். பெரியவர்கள் ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பதால் 1985இல் இதுவும் நிலைத்தது.

அதே ஆண்டு கொலராடோ உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. டென்வரின் ‘டாட்டர்டு கவர்’ புத்தகக் கடை தொடுத்த வழக்கில், மாநிலத்தின் காட்சித் தடை பெரியவர்களின் உரிமையை மிகையாகப் பறிப்பதாகக் கண்டு அதை நீக்கியது.

வர்ஜீனியாவின் சமநிலை

வர்ஜீனியாவின் 1985ஆம் ஆண்டுத் திருத்தம், தீங்கான நூல்களைச் சிறுவர் எடுத்துப் புரட்டும்படி காட்சிக்கு வைப்பதைக் குற்றமாக்கியது. இதை எதிர்த்த புத்தகக் கடைக்காரர்கள், தடைக்குள் வரக்கூடும் என அஞ்சிய 16 நூல்களை நீதிமன்றத்தின் முன் வைத்தனர். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ அவற்றுள் ஒன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பொருளை விளக்குமாறு மாநில உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 1988இல் விடை வந்தது: பதினாறில் ஒன்றும் தடைக்குள் வராது, பதின்வயதின் இறுதியில் இருப்போருக்கும் ஒரு நூல் பயனற்றதாக இருந்தால்தான் அது தீங்கானது, சிறுவர் புரட்டாமல் நியாயமான அளவுக்குக் கவனித்தால் கடைக்காரர் குற்றவாளி ஆகார். இவ்விளக்கத்தால் சட்டம் பிழைத்தது.

முடிவுரை

நிலைத்த விதிகள் எல்லாவற்றிலும், சிறுவர் பார்வை மறைக்கப்பட்டாலும் பெரியவர் கைக்கு நூல் எட்டியது. இந்த அளவுகோல் இன்றும் தேவை. இணையத்தில் வயதுச் சான்று கோரும் டெக்சாஸ் சட்டத்தை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது. கடை ஊழியர் முகத்தைப் பார்த்து வயதைக் கணித்தார். இணையதளமோ அடையாள ஆவணத்தைக் கேட்கலாம். ஆவணத்தைக் காட்டத் தயங்கும் பெரியவர் தம் உரிமையைத் தாமே கைவிடுவார். எனவே இத்தகைய விதி எதுவும், எத்தனை சிறுவரைத் தடுக்கிறது என்பதோடு எத்தனை பெரியவரை அஞ்சி விலகச் செய்கிறது என்பதைக் கொண்டும் மதிப்பிடப்பட வேண்டும்.