சி.டி.யில் வந்த லினக்ஸும் காணாமல் போன இகரமும்

போன வெள்ளிக்கிழமை காலை காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "412 புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன" என்றது திரை. சரி என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிரிண்டர் மட்டும் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. அது கிடக்கட்டும். இந்த 412ஐ 1999ல் மந்தைவெளியில் இறக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

லினக்ஸ் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். விண்டோஸுக்கு மாற்றாக, காசில்லாமல் கிடைக்கும் ஒன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கியது. அதன் மென்பொருள்கள் பேக்கேஜ் பேக்கேஜாக வரும். நம் கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடையில் லேகியத்துக்குச் சீட்டு கொடுப்போமே, அந்த மாதிரி. முப்பது சரக்கில் ஒன்று இல்லையென்றாலும் லேகியம் கிடையாது. லினக்ஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த லேகியத்துக்குப் புது சுக்கு வேண்டும், பக்கத்து ஜாடியில் இருக்கும் லேகியத்துக்கோ பழைய சுக்குதான் ஒத்துக்கொள்ளும். புதுசை வைத்தால் பழசு கெட்டுப்போகும். இதற்கு டிபெண்டன்சி என்று பெயர். ஒன்றைத் தேடிப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிடும்.

இதற்கு ஒரு தீர்வு வந்தது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1ல் 'ஆப்ட்' என்ற கருவியைச் சேர்த்தார்கள். வேண்டியதன் பெயரைச் சொன்னால் போதும், அதற்குத் தேவையான அத்தனை சரக்கையும் அதுவே இன்டர்நெட்டில் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும். அருமையான யோசனைதான். ஆனால் அதைச் செய்தவர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்பியவர்கள். நாமோ குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர்க்காரர்கள்.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் கிடைத்த நான்கு நகரங்களில் நம் ஊரும் ஒன்று, அப்போது மெட்ராஸ். டெலிபோன் வழியாக மோடம் கிர்ர் என்று கத்தி இணைய வேண்டும். பின்னால் வந்த 56 கே மோடத்தில்கூட மணிக்கு 18 எம்.பி. இறங்கினால் அதிர்ஷ்டம். ஒரு முழு சி.டி. 650 எம்.பி. கணக்குப் போட்டால் 36 மணி நேரம், டெலிபோன் மீட்டரும் கூடவே ஓடும். நடுவில் யாராவது ஊரிலிருந்து போன் செய்தால் 'என்கேஜ்டு', திட்டு வாங்குவது நான்.

ஆகவே சென்னையில் லினக்ஸ் கம்பியில் வரவில்லை, கையில் வந்தது. 'பி.சி. குவெஸ்ட்' பத்திரிகை 1990களின் பிற்பாதியில் லினக்ஸ் சி.டி.யை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. 2003ல் 'லினக்ஸ் ஃபார் யூ' என்று தனிப் பத்திரிகையே வந்தது. ரிச்சி தெருவில் நகல் சி.டி. கிடைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது சென்னை லினக்ஸ் பயனர் குழு. 1998 ஜனவரியில் தொடங்கிய இந்தக் குழு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடும். பல வருஷம் ஐ.ஐ.டி.க்குள், கஜேந்திரா சர்க்கிள் பக்கத்து வகுப்பறையில் கூட்டம் நடந்தது. என் அக்கா பையன் என்னையும் ஒருமுறை இழுத்துக்கொண்டு போனான். மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனால், முப்பது வயதைத் தாண்டாத பையன்கள் ஹார்டு டிஸ்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். "மாமா, உங்களுக்கு எந்த வெர்ஷன் வேணும்?" என்று கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்டேட் என்பது எனக்கு அப்போது ஓர் ஆள், ஒரு சனிக்கிழமை, ஒரு பஸ் டிக்கெட்.

அப்படிக் கையில் வந்த ஒரு சி.டி.தான் என்னைக் கவிழ்த்தது. எந்த லினக்ஸ் என்று கேட்காதீர்கள், அதன் தப்பு மட்டும் இல்லை.

2001ல் அம்மா தன் மன்னார்குடி நாட்களைச் சொல்லச் சொல்ல, தினமும் ஒரு மணி நேரம் நான் டைப் அடித்தேன். அறுபது பக்கம் சேர்ந்தது. அப்போது கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஆளுக்கு ஒரு முறை. அரசு 1999ல் டாம், டாப் என்று இரண்டை அறிவித்திருந்தது. இணையத்தில் புழங்கியவர்கள் தங்களுக்குள் விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. நான் டிஸ்கியில் அடித்தேன். அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள்.

இதற்குள் லினக்ஸ் உலகம் யூனிகோடுக்கு நகர ஆரம்பித்திருந்தது. 2002ல் வந்த ரெட் ஹாட் 8 யூனிகோடு வகையான யு.டி.எஃப்-8ஐயே இயல்பாக வைத்துக்கொண்டது. மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். உலகத்து மொழிகளுக்கெல்லாம் நல்ல காரியம்தான், தமிழுக்கும். ஆனால் 2003ல் நான் புது வெர்ஷனை ஏற்றியபோது இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய ஃபான்ட் போயிற்று. அம்மாவின் அறுபது பக்கமும் கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்தாகிவிட்டது. பதற்றத்தில் அதை இங்கே வெட்டி, அங்கே ஒட்டி, சேமித்தும் தொலைத்தேன். பேக்கப் கிடையாது.

ஐ.ஐ.டி. கூட்டத்துப் பையன் ஒருவன் ஒரு மாற்றியைக் கொடுத்தான். தமிழ் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அறுபது பக்கத்திலும் ஓர் 'இ' கூட இல்லை. 'ரவு', 'ப்போது', 'ல்லை', 'ருந்தது'. அ இருக்கிறது, ஆ இருக்கிறது, ஈ இருக்கிறது.

காரணத்தை அந்தப் பையனே கண்டுபிடித்தான். டிஸ்கியில் 'இ' உட்கார்ந்திருந்தது 173ஆம் எண்ணில். ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் அதே எண், வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் ஒரு சிறு கோட்டுக்கு உரியது. மற்ற இடங்களில் அதற்கு உருவமே கிடையாது. என் வெட்டி ஒட்டும் கூத்தில் ஏதோ ஒரு மென்பொருள் அதைத் தேவையில்லாதது என்று துடைத்துவிட்டது. இந்தத் தொல்லை தெரிந்துதான், பிற்பாடு டிஸ்கியில் இ-க்கு வேறு இடமும் கொடுத்தார்கள். எனக்குப் பிரயோஜனப்படவில்லை. நாலு மாதம் உட்கார்ந்து கையால் இகரம் போட்டேன்.

2005ல் பிராட்பேண்ட் வந்தது. வேகம் 256 கே. நான் எடுத்த திட்டத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. ஆறு மணி நேரத்துக்கு 690 எம்.பி., அதாவது ராத்திரிக்கு ஒரு சி.டி. எத்தனையோ நாள் ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சி.டி.யை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், 2011 வரை. வெளிநாட்டு உறையைப் பார்த்துத் தபால்காரர் "பையன் அனுப்பியதா சார்?" என்பார்.

2012ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், கம்ப்யூட்டர் பழசும் இல்லாமல் புதுசும் இல்லாமல் நிற்கும். அதைச் சரிசெய்யும் கட்டளையைக் காலண்டர் அட்டையில் எழ்தி மாட்டியிருந்தேன்.

அரசாங்கமும் இந்த வழியில் வந்தது. நந்தனத்து எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது. தரமணியில் இருக்கும் சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை உருவாக்கி 2007ல் வெளியிட்டது. 2011ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் பெண்ணுக்கும் ஒன்று கிடைத்தது. "தாத்தா, இதுல தமிழ் நல்லா வருது" என்று காட்டினாள். அவள் வீட்டில் நெட் இல்லை. ஒரு வருஷத்தில் தெருக்கோடிக் கடைக்காரர் பாஸை அழித்துவிட்டார், இடத்தை அடைக்கிறதாம். நெட் இல்லாத இடத்துக்கு அப்டேட்டைக் கொண்டுபோக ஒரு கருவி இருக்கத்தான் செய்தது. ரிதேஷ் ராஜ் சராஃப் என்ற இந்தியர் எழுதிய 'ஆப்ட்-ஆஃப்லைன்'. வேண்டியவற்றின் பட்டியலைப் பென் டிரைவில் எழுதிக்கொண்டு போய், நெட் உள்ள இடத்தில் நிரப்பிக்கொண்டு வரலாம். ஐ.ஐ.டி. பையன்கள் துணிப்பையில் செய்த அதே வேலை. அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இப்போது குழாயில் எந்நேரமும் தண்ணீர். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ என் பழைய 32 பிட் மெஷினில் நிறுவ முடியாது. ஆகவே அதன் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அம்மாவின் கோப்பு அதிலும் இருக்கிறது, வேறு மூன்று இடங்களிலும் இருக்கிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. அம்மா தன் அத்தையை 'லட்சுமி' என்றாளா, 'இலட்சுமி' என்று எழுதச் சொன்னாளா? அவளுக்கு அதில் பிடிவாதம் உண்டு என்று ஞாபகம். கோப்பில் 'லட்சுமி' என்றுதான் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து உறவினர் யாராவது பழைய கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.