இரண்டு கில்காமெஷ் பலகைகள்: பூர்வீகம் தெரியாத தொல்பொருளைப் பதிப்பிக்கும் அறம்

1. சிக்கல்

மண்ணிலிருந்து கிடைக்கும் பழம்பொருள்கள் அரசின் உடைமை என்று ஈராக் 1936இலேயே சட்டம் இயற்றிவிட்டது. 1990 ஆகஸ்ட் 6க்குப் பின் அங்கிருந்து கடத்தப்பட்டவற்றை வாங்கவோ விற்கவோ 2003இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்தது. ஆனாலும் அந்நாட்டின் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. வாங்குபவரைக் குற்றம் சொல்வது எளிது. படித்துச் சொல்லும் அறிஞரின் பங்கு என்ன?

2. வாசிப்பும் விலையும்

பின்னாளில் ‘கனவுப் பலகை’ எனப் பெயர் பெற்ற ஒன்றை 2003இல் லண்டன் நாணய வணிகர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து அமெரிக்க வணிகர் வாங்கியபோது, அது அழுக்கேறி எழுத்தே தெரியாத களிமண் துண்டு. முறையாகச் சுங்கத்தில் அறிவிக்காமல் தபாலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்த பிறகுதான், அதில் இருப்பது கில்காமெஷ் என்னும் பண்டைய மெசொப்பொத்தேமியக் காப்பியம் என்று வல்லுநர்கள் கண்டு சொன்னார்கள். நாயகன் தன் கனவுகளைத் தாயிடம் சொல்லும் பகுதி. 2007இல் ஒரு பொய்க் கடிதம் ஒட்டிக்கொண்டது: 1981 ஏலத்தில் வாங்கிய உதிரி வெண்கலத் துண்டுகளின் பெட்டிக்குள் இப்பலகை கிடந்ததாம்! பொது ஏலம் என்றால் இந்தக் கதை நிற்காது என்று அந்த அமெரிக்க வணிகரே பின்னர் எச்சரித்தார். விற்பனை தனிப் பேரமாக முடிந்தது. 2014இல் கைவினைப் பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனமான ஹாபி லாபி கொடுத்த விலை 16,74,000 டாலர். 2019இல் பறிமுதலாகி, 2021இல் பலகை ஈராக்குக்குத் திரும்பியது.

கடிதம் வாங்குபவரின் மனசாட்சிக்குத் தைலம் தடவியது, அவ்வளவே. விலையை ஏற்றியது வாசிப்பு.

3. மறுப்பு

‘எங்கிருந்து வந்தாலும் எழுத்து எழுத்துதானே’ என்பார்கள். வலுவான வாதம்தான். 2011இல் ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் கடத்தல் சரக்கிலிருந்து வாங்கிய பலகையை 2014இல் ஆப்பெழுத்து அறிஞர்களான பாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் பதிப்பித்தார்கள். காப்பியத்தின் ஐந்தாம் பகுதிக்குச் சுமார் இருபது புதிய வரிகள் கிடைத்தன. தேவதாருக் காட்டில் பறவைகளும் குரங்குகளும் எழுப்பும் ஓசை முதன்முறையாக நம் காதில் விழுந்தது. அதை இழக்க எனக்கும் மனமில்லை. ஆனால் அது எந்த வீட்டில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது இனி ஒருபோதும் கிடைக்காது. காசு கொடுக்க ஆள் உண்டு என்ற செய்தியும் தோண்டுபவனுக்குப் போயிருக்கும்.

4. வரம்பு

அமெரிக்க வெளிநாட்டு ஆய்வுக் கழகம் (ASOR) 1972 ஏப்ரல் 24க்குப் பின் கைமாறிய, பூர்வீகம் நிறுவப்படாத பொருள்களுக்குத் தன் இதழ்களில் முதல் பதிப்பு தருவதில்லை. ஆப்பெழுத்துப் பலகைகளுக்கு விலக்கு உண்டு: அவை தோன்றிய நாட்டின் இசைவு வேண்டும், உடைமை அந்நாட்டுக்கே திரும்ப வேண்டும், பூர்வீகம் தெரியாதது என்பதைக் கட்டுரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சுலைமானியாப் பலகை தன் நாட்டிலேயே பொதுமக்கள் பார்வையில் இருக்கிறது, கடத்தல் வரலாறும் மறைக்கப்படவில்லை. ஆகவே அதன் பதிப்பை ஏற்கலாம். தனியார் பெட்டகத்தில் இருக்கும் பலகைக்கு, அது எவ்வளவு அரியதானாலும், அறிஞர் தம் வாசிப்பைத் தரக்கூடாது.