கரித்துண்டும் மண்ணடுக்கும்

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அகழ்வு செய்தது. அங்கு கிடைத்த மாதிரிகளின் கதிரியக்கக் கரிமக் கணிப்பு, கிறிஸ்துவுக்கு முன்பே அங்கே குடியிருப்பு இருந்ததைக் காட்டியது.

கணக்கு லேசானதுதான். மரம் உயிரோடிருக்கும் மட்டும் கார்பன்-14ஐ உள்ளெடுக்கும். செத்தால் வரவு நிற்கும். இருப்பது 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது வரும்.

ஆனா அந்தக் கரி எந்த மண்ணடுக்கில, எதோட கிடந்தது எண்டு தெரியாட்டி, வயது தெரிஞ்சும் வரலாறு தெரியாது. புதையல் தேடிக் கிண்டுறவங்க முதலில் அழிக்கிறதும் அந்த அடுக்கைத்தான்.

களுதாவளையில் இருந்து நாங்கள் கேட்பது இதுதான்: எங்கட வாவிக்கரையில கிணறு வெட்டக்குள்ள பழைய பானையோடு, கரி கண்டால் கிளறாதீங்க. படமெடுத்து, கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்குச் சொல்லுங்க. கலைஞ்ச மண்ணைத் திரும்ப அடுக்க ஏலாது.