தூரமும் நேரமும்

நாமக்கல் சமவெளியிலுள்ள எருமப்பட்டியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் சென்று சேர ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு விமானம் நேரே பறந்தால் ஏறத்தாழ ஆறு மணி நேரமே. முன்னது நானூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு; பின்னதோ சுமார் 4,440 கிலோமீட்டர். 'இத்துணை விரைவில் முடியும் பயணத்துக்கு முஸாபிர் என்னும் சலுகை ஏன்? நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக் கஸ்ராகத் தொழுவது எதற்கு?' என வினவுவோர் உளர்.

வினா புதிதுபோல் தோன்றினும் விடை பழையதே. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், கடல் வழியும் தரை வழியைப் போன்றதே என்றும், குறித்த தூரத்தைக் கப்பல் சிறு பொழுதில் கடந்துவிட்டாலும் கஸ்ரு உண்டு என்றும் தமது 'மின்ஹாஜ்' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத்தூரம் அளவாகும். விரைந்த வாகனத்தில் அதை ஒரு நாளுக்குள் கடந்தவரும் முஸாபிரே. ஆகவே, சட்டம் நோக்கியது தூரத்தையே அன்றிக் கடிகாரத்தை அன்று.

தூரத்தைக் கணிக்கவும் நம் முன்னோர் கற்றிருந்தனர். கி.பி. 1025இல் நிறைவுற்ற 'தஹ்தீது' என்னும் நூலில் அல்பீரூனி, பக்தாதுக்கும் கஸ்னிக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தார். அதில் நேர்ந்த பிழை அரைப் பாகைக்கும் குறைவு. பூமி உருண்டை என்பதை அடிப்படையாகக் கொண்ட அத்தகைய கணக்கின் வழியில்தான் இன்றைய விமானத் தூரமும் கணிக்கப்படுகிறது.

அக்காலத்தில் நம் பகுதி ஹாஜிகள் இரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடலைக் கடப்பர். மொகல் லைன் கப்பல்கள் இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தன. 1995ஆம் ஆண்டோடு இந்திய ஹஜ்ஜுக் கப்பல் பயணம் நின்றது. அந்த ஒரு வாரம் வீணானதன்று. மனாஸிக்கைக் கற்கவும், மனத்தைப் பக்குவப்படுத்தவும், யலம்லம் வருமுன் நிதானமாகக் குளித்து இஹ்ராம் உடுத்தவும் அது அவகாசம் தந்தது.

விமானமோ நிமிடத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் பறக்கிறது. மீகாத் எல்லையைக் கடக்க ஒரு நொடி போதும். இஹ்ராம் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டவர் நடுவானில் என் செய்வார்? இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தால், திரும்பிச் சென்று இஹ்ராம் பூண வேண்டும். இயலாவிடில் குர்பானி கொடுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். எனவே, புறப்படும் ஊரிலேயே உடுத்திக்கொண்டு, எல்லைக்கு முன் நிய்யத்தும் தல்பியாவும் சொல்வதே பேணுதலாகும்.

விரைவு நம்மிடமிருந்து தூரத்தைப் பறிக்கவில்லை, அவகாசத்தையே பறித்தது. முன்னோர் கப்பலில் கற்றதை நாம் வீட்டிலேயே கற்றுப் புறப்படுவோமாக. அல்லாஹ் நம் அனைவருக்கும் மப்ரூரான ஹஜ்ஜை நஸீபாக்குவானாக! ஆமீன்.