சுவாதித் திருநாள் கீர்த்தனைகளும் இசைத்தட்டு மதிப்புரையும்

புதிதாக வெளிவரும் இசைத்தட்டை மதிப்பிடுவோர் குரல்வளம், சுருதி, தாளக்கட்டு, உச்சரிப்பு ஆகியவற்றோடு பாடாந்தரத்தையும் ஆராய்வர். பாடப்பெற்ற மெட்டு மரபுக்கு ஒத்ததா என்பதே அவ்வாராய்ச்சியின் மையம். ஆனால் மரபு எது என்று துணிவது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் (1813–1846) கீர்த்தனைகளைப் பொறுத்தவரை எளிதன்று.

மெட்டு மறைந்த வரலாறு

தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு முதலிய இசைவாணர் திருவனந்தபுரத்தில் அம்மன்னரின் அவையை அணிசெய்தனர். மன்னர் மறைந்தபின் பாடல்களின் சாகித்தியம் ஏட்டிலும் அச்சிலும் நிலைபெற்றது. மெட்டு வாய்மொழியையே நம்பியிருந்தமையால் பலவற்றின் மூல வடிவம் வழக்கொழிந்தது. நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் பாடப்பெறும் ஒன்பது கீர்த்தனைகளுக்கு முல்லமூடு பாகவதர் மரபு துணைநின்றது. ஏனையவற்றுள் பலவற்றுக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் இசைப்பள்ளி நிறுவப்பெற்றது. அதன் முதல் முதல்வர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரை அடுத்துப் பொறுப்பேற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இவ்விருவரும் கீர்த்தனைகளைத் தொகுத்து, மெட்டு இல்லாதவற்றுக்கு மெட்டமைத்து, சுரக்குறிப்புடன் பரவச் செய்தனர். இன்று மேடையில் ஒலிக்கும் சுவாதித் திருநாள் இசையில் இவர்தம் பங்கு பெரிது.

ஒரு சான்று

இராமாயணக் கதையைச் சுருங்கக் கூறும் ‘பாவயாமி ரகுராமம்’ இதற்குத் தக்க சான்றாகும். முன்னர்ச் சாவேரியில் அமைந்திருந்த இப்பாடலைச் செம்மங்குடி இராகமாலிகையாக்கினார். பல்லவியையும் அனுபல்லவியையும் சாவேரியிலேயே நிறுத்தி, ஆறு காண்டங்களுக்குரிய ஆறு சரணங்களை நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்தியமாவதி என முறையே அமைத்தார். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். இத்தகைய நீண்ட பாடல் முழுமையாக இடம்பெற நீண்டநேரத் தட்டே ஏற்றது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பதிவு வாயிலாக இவ்விராகமாலிகை வடிவம் இல்லந்தோறும் பரவியது. எனவே ஒருவர் இன்று பாடல் முழுவதையும் சாவேரியில் பாடிப் பதிவு செய்வாராயின், கேட்போர் அதனைப் புதுமை என்றோ பிழை என்றோ கருதக்கூடும். உண்மையில் அதுவே முந்தைய வடிவம்.

இவ்வாறே நவராத்திரி மண்டபத்தில் தானம் பாடும்போது மிருதங்கமும் உடன் ஒலிப்பது வழக்கம். அவ்வழக்கத்தை அறியாதார் அவ்விடத்துப் பதிவைக் கேட்பின் முறை பிறழ்ந்ததாகக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

முந்தைய தட்டொன்றை அளவுகோலாகக் கொண்டு பிந்தைய தட்டை அளப்பது திறனாய்வாகாது. மெட்டமைத்தவர் யார், எம்மரபில் வந்தது, எவ்விடத்திற்கு உரியது என்னும் மூன்றையும் ஆராய்ந்தே மதிப்புரை எழுதப்பெறல் வேண்டும். இன்றேல் சாகித்தியம் இயற்றிய மன்னர்க்கு உரியதும் மெட்டமைத்த புலவர்க்கு உரியதும் தம்முள் மயங்கும். எஞ்சியுள்ள பழைய மெட்டுகளும் பிழையெனத் தள்ளப்பட்டு மறையும்.